திரும்பி வருகிறவர்களுக்காக

டக்... டக்... டக்...

பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். பசுவந்தனையில் சிறுமியாக இருந்தபோது, ஆண்டவருக்கு இப்போதுதான் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து நேசம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள்.

இன்றும் பெரிய வெள்ளி. கோவில்பட்டி வீட்டின் உள்ளறையில் விசும்பல் கேட்டது.

மகள் சபிதா. கையில் போன். போனில் ஜப்பான் கார்ட்டூன்.

"ஏட்டி, ஒருசந்தி நோம்பும் அதுவுமா என்னத்தப் பாத்து அழுவுத?"

"இதுல அண்ணங்காரன் செத்துட்டாம்மா."

"பொம்மைக்கு அழுவுதியோ! ஒன் அண்ணன் ரெஜின் போனப்ப ஒரு சொட்டு வரல."

சபிதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ரெஜின் கயத்தாறு பைபாஸில் லாரி மோதி இறந்து மூன்று வருடம். அடக்கம் முடிந்து வந்ததும் அவன் அப்பா சாமுவேல்ராஜ், சுவரிலிருந்த மகனின் போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். "போனவன் வரமாட்டான். இனி இந்த வீட்ல யாரும் அழக்கூடாது" என்றார். கல்நெஞ்சுக்காரர் என்று தெருவே பேசியது. நேசம்மாளும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

"இந்தக் கதையில செத்தவம்லாம் திரும்பி வந்துருவான்னு நீதான சொன்ன?"

"ஆமா. இருபது எபிசோடு கழிச்சு வந்துருவான்."

"வரப்போறவனுக்கு எதுக்குட்டி அழுக? அதெல்லாம் ஒரு சாவா?"

"நீ மட்டும்? ஆண்டவரு ஞாயித்துக்கெழம எந்திச்சிருவாருன்னு தெரிஞ்சுதான வருஷா வருஷம் அவரு தூம்பாப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு அந்த அழுக அழுவுத?"

"வாய மூடு! ஆண்டவரும் கார்ட்டூனும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு சொல்லலம்மா." சபிதாவின் குரல் தணிந்தது. "திரும்பி வருதவங்களுக்குத்தான நம்ம வீட்ல அழ முடியுது."

நேசம்மாள் ஓங்கிய கையை இறக்கினாள்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. "அங்கன என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. பிள்ளைக்குச் சளி."

சாமுவேல்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம், ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய தூம்பா தெருவுக்குள் வந்தது. நேசம்மாள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் முந்தானையால் வாயை அடைத்து அழுதாள். இந்த முறை சபிதாவும் கூட வந்திருந்தாள்.

திடீரென்று மரக்கட்டைச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் ஓங்கி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்தவர், வழக்கமாகத் தட்டுகிற கோயில் பணியாள் கோயில்பிள்ளை இல்லை. சாமுவேல்ராஜ்.

"அந்தாளுட்ட கேட்டு வாங்கிட்டேன்" என்றார், இருவரையும் பார்க்காமல். "வாயப் பொத்தாதீங்க. அழுங்க. இந்தச் சத்தத்துல வெளிய கேக்காது."

தூம்பா கோயிலுக்குத் திரும்பும்வரை அவர் கை ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது, ரெஜின் ஹால் சுவரில் இருந்தான்.