இரண்டாம் நம்பர் விதை

"எனக்கு ரெண்டாம் நம்பர் போதும். எழுதிக்குங்க."

அடுத்த பருவத்துக்கு விதை எழுதிக்கொள்ள வயலோரம் கூடியிருந்தது விவசாயிகள் கூட்டம். கொல்லென்று சிரிப்பு.

சிரிக்காதவள் விதை ஆராய்ச்சியாளர் ஒருத்திதான். நோட்டின் மேல் பேனா அப்படியே நின்றுவிட்டது.

எட்டு வீரிய ஒட்டு மக்காச்சோள ரகங்கள். ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு உரமும் தண்ணீரும் கொடுத்து, நாலு மாதம் வெயிலில் கறுத்து அவள் நடத்திய சோதனை. கம்பெனிப் பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று ரகங்களுக்கு வெறும் நம்பர்தான் கொடுத்திருந்தாள். போன வாரம் அறுத்து, ஈரம் பார்த்து, எடை போட்டு, இன்று பலகையில் எழுதி வயலோரம் நிறுத்தியாயிற்று.

ஐந்தாம் நம்பர் முதலிடம். இரண்டாம் நம்பரைவிட ஏக்கருக்கு ஏழு மூட்டை கூடுதல்.

சோதனைக்கு நிலம் கொடுத்த மனுஷரே இரண்டைக் கேட்டால்?

அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஊரில் அவருக்குப் பேரே 'கேள்வி'. நிலம் கொடுக்கும் முன் ஒரு முழுநாள் அவளைக் கேள்வியாகக் கேட்டுக் குடைந்தவர்.

"அஞ்சுதானே ஜாஸ்தி விளைஞ்சிருக்கு? ஏன் ரெண்டு கேட்கறீங்க?"

"பிடிச்சிருக்கு."

"அதுல என்ன பிடிச்சிருக்கு?"

கேள்வி தலையைச் சொறிந்தார். "மணி நல்ல நிறமா இருக்கு."

"கோழித் தீவனத்துக்குப் போற சோளத்துல கலர் பார்க்கறாருய்யா! சட்டையா தைக்கப் போறாரு?" என்றது ஒரு குரல்.

"ரெண்டாம் நம்பர் கேட்கறாருன்னா ஏதோ ரெண்டாம் நம்பர் வேலை நடந்திருக்கு. விதைக்கடைக்காரன் நல்லா கவனிச்சிருப்பான்" என்றது இன்னொன்று.

கேள்வி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

"நிலத்துக்காரரே நம்பாத கணக்கை நாங்க எப்படி மேடம் நம்பறது?"

கேட்டவர் வண்டியைக் கிளப்பினார். பின்னாலேயே நாலு பேர் கிளம்பினார்கள்.

போன வருஷம் இதே ஜனங்கள் பளபளப்பான பாக்கெட்டைப் பார்த்து விதை வாங்கி, மணியே பிடிக்காத கதிரை வைத்துக்கொண்டு அழுதவர்கள். மறுபடியும் அந்தப் பாக்கெட்டுக்கே போய்விடுவார்களே!

கூடையோடு வந்த கேள்வியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மனுஷனுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு மேடம். நாலு நாளா சொல்றேன், அஞ்சையே போடலாம்னு. கேட்டாத்தானே! நிறமாம் நிறம். நீங்களாவது நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க."

சொல்லிவிட்டு, சோதனைக்கு எடுத்தது போக மிச்சம் நின்ற ஓர வரிசைகளில் கதிர் ஒடிக்கப் போய்விட்டாள்.

ஆராய்ச்சியாளர் விறுவிறுவென்று கொட்டகைக்கு நடந்தாள்.

"ஐயா, நீங்க எதை வேணும்னாலும் போடுங்க. அது உங்க இஷ்டம். ஆனா நாலு மாச உழைப்பை நாலு நிமிஷத்துல கவுத்துட்டீங்களே!"

கேள்வி எட்டிப் பார்த்தார். மனைவி காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"உங்க கணக்குல ஒரு குத்தமும் இல்ல மேடம். அஞ்சுதான் நல்ல ரகம். என் தம்பியை அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கேன். கூட்டத்துலயும் நானே வந்து சொல்றேன்."

"அப்புறம் ஏன் உங்களுக்கு மட்டும்..."

"அங்க பாருங்க. அவ நிக்கறது அஞ்சாம் நம்பர் வரிசை."

பார்த்தாள்.

அந்தம்மா குள்ளம். கதிர் அவள் தோளுக்கு மேலே நின்றது. இடது கையால் சோளத்தட்டையை வளைத்து நெஞ்சுக்கு நேராக இழுத்துக்கொண்டு, அதன் பிறகே வலது கையால் ஒடித்தாள். அடுத்த செடிக்கும் அப்படித்தான். நாலாவது செடியில் நின்று, வலது தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு பார்வை. மறுபடி அடுத்த செடி.

"வண்டியிலேர்ந்து விழுந்தா மேடம். ரெண்டு வருஷமாச்சு. அந்தக் கை மேல எழும்பாது. கேட்டா வலியே இல்லன்னு சாதிப்பா."

"கூலிக்கு ஆள் விடலாமே?"

"விட்டேனே! என்னைக் கழிச்சுக் கட்டிட்டீங்களான்னு ரெண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கல."

கேள்வி இரண்டாம் நம்பர் வரிசைப் பக்கம் கை காட்டினார்.

"எட்டு ரகத்தையும் அளந்து பார்த்துட்டேன். ரெண்டாம் நம்பர்ல மட்டும்தான் கதிர் இடுப்புக்கு நேரா நிக்குது. கையை உசத்தவே வேணாம். ஏழு மூட்டை போனா போவுது."

அவள் நோட்டைப் பிரித்து, அவர் பெயருக்கு நேரே 'இரண்டு' என்று எழுதினாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"இதை அங்கேயே சொல்லியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்களே ஐயா?"

கேள்வி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைக் கிறுக்கன்னு நாலு பேர் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க மேடம். 'இனிமே உன்னால முடியாது'ன்னு அவகிட்ட யார் போய்ச் சொல்றது?"