வெர்ஜில் வாசலில் நாலு போர்டு

"அக்கா, வண்டியை நிறுத்து! அந்த வாசலைப் பாரேன்!"

டோரீன் பிரேக்கை மிதித்தாள். புல்வெளியில் ஒன்றல்ல, நாலு தேர்தல் போர்டுகள். நாலிலும் 'ஹாலிஸ்டரை ஜட்ஜ் ஆக்குங்கள்!'

"வெர்ஜில் ஸ்டோல்ட்ஸ் வீடு," என்றாள் டோரீன்.

"அந்தக் குடிகாரனா? பொண்ணுங்க ரெண்டையும் நீதானே அவன்கிட்ட திருப்பிக் குடுத்தே? நன்றி கெட்ட ஜென்மம்!" தங்கை பெக்கிக்கு மூக்கு நுனி வரை சிவந்துவிட்டது.

டோரீன் அந்த மாவட்டத்துக் குடும்ப நீதிமன்ற ஜட்ஜ். அமெரிக்காவின் அந்தப் பக்கத்தில் ஜட்ஜாகவே இருந்தாலும் பதவிக்காலம் முடிந்தால் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்டாக வேண்டும். கேட்கலாம், ஆனால் இன்னது செய்வேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. விசாரித்த வழக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. எவன் என்ன திட்டினாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என்ன கொடுமை சார் இது!

இந்த முறை எதிரில் நிற்கும் ஹாலிஸ்டர் ஆள் பார்க்க ஜம்மென்று இருப்பான். பேச்சும் தேன். யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தோற்றால் டோரீன் பழையபடி வக்கீலாக நிலப் பத்திரம் எழுதப் போக வேண்டியதுதான். அடித்துக்கொண்டு வரும் அப்பா அம்மாவுக்கு நடுவில் முழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, அந்த வேலையை விட்டால் வேறு எதுவும் பிடிக்காது என்று ஆகிவிட்டிருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை கூத்து மறந்துபோச்சா?" பெக்கி விடவில்லை.

மறக்குமா? தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடிப் பாகு ஊற்றிய பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்த வெர்ஜில் தட்டும் கையுமாக நடுவில் நின்று கத்தினான்.

"அந்த டோரீனம்மா இருக்காங்களே, கல்லு மனசு! குடிச்சிட்டுப் போனா பெத்த பிள்ளையையே கண்ணுல காட்ட மாட்டாங்க! பிள்ளைக்குச் சோறு போடலைன்னா பிடிச்சு உள்ள போட்டுருவாங்க! நம்ம ஹாலிஸ்டர் தங்கமான மனுஷன். நம்மள மாதிரி ஆளுங்க கஷ்டம் அவருக்குத்தான் தெரியும்!"

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ஹாலிஸ்டரின் தோளில் பாகு ஒட்டிய கையை வேறு போட்டான்.

"அப்பவே நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கணும். கோர்ட்டுக்கு இவன் எந்த லட்சணத்துல வந்தான்னு சொல்லியிருந்தா, நாறிப் போயிருப்பான்!" என்றாள் பெக்கி.

"அவன் மட்டுமா நாறுவான்? அந்தப் பொண்ணுங்களும்தான்டீ நடுத்தெருவுல நிப்பாங்க. அதுக்கு நான் தோத்தே போறேன்."

டோரீன் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போறே?"

"ஓட்டுக் கேட்க. இந்த வீட்டுலயும் ஓட்டு இருக்கே."

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கேட்டபடி பெக்கியும் பின்னாலேயே ஓடினாள்.

கதவைத் திறந்த வெர்ஜில் பேயைப் பார்த்தவன் போல் முழித்தான். தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ ஜட்ஜம்மா! நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? யாராச்சும் பார்த்துட்டாங்களா? முதல்ல உள்ள வாங்க!"

இருவரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். சமையலறையில் அவன் பெண்கள் இரண்டு பேரும் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஜட்ஜம்மா வந்திருக்காங்க!" என்று சின்னவள் துள்ளினாள். டோரீனுக்கு வந்த காரியமே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"வெர்ஜில், என் மேல கோபம்னா நேராவே சொல்லுங்க. பொண்ணுங்களை முதல்ல உங்ககிட்டேருந்து பிரிச்சது நான்தான். நீங்க திட்டுறதுல தப்பே இல்ல."

"கோபமா? உங்க மேலயா?" வெர்ஜில் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு நீங்க அவங்களைப் பிரிக்கலைன்னா நான் குடியை விட்டிருக்கவே மாட்டேன். எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன் ஜட்ஜம்மா."

"அப்புறம் வாசல்ல எதுக்கு நாலு போர்டு? அழகுக்கா?" பெக்கி பாய்ந்தாள்.

வெர்ஜில் கூச்சத்தோடு சிரித்தான்.

"நான் குடிக்கிறதில்லைன்னு என் பொண்ணுங்களுக்குத் தெரியும். இந்த ஊரு நம்பணுமே! தீயணைப்புக்குப் புது வண்டி வாங்கலாமான்னு ஓட்டெடுப்பு வெச்சாங்க இல்ல? நல்ல காரியமாச்சேன்னு 'வாங்கலாம்'னு போர்டு வெச்சேன். ஊத்திக்கிச்சு. என் மச்சான் பள்ளிக்கூடக் குழுத் தேர்தல்ல நின்னான். அவனுக்கும் வெச்சேன். அவன் இப்ப என்கூடப் பேசுறதே இல்ல."

பெக்கியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அதனால...?" டோரீன் மெதுவாகக் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு நான் வேற என்னத்தைச் செய்ய முடியும்? இந்த ஊர்ல நான் சம்பாதிச்சது கெட்ட பேரு ஒண்ணுதான் ஜட்ஜம்மா. அதை மொத்தமா அந்த ஹாலிஸ்டருக்குக் குடுத்துட்டேன்!"