படியேறும் நடை

"இந்த நடைதான்."

அம்மாள் பக்கத்து இருக்கையில் இருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். உடும்புப் பிடி.

திரையில் ஓடுவது அவளுடைய மகனின் கதை. மாணவர் தலைவனாக இருந்து காணாமல் போனவன். படம் வெளியாகும் முன் அவளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அவளோ, தொடங்கியதிலிருந்து கண்ணையே திறக்கவில்லை. காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஓர் அதிகாரி தலைவனைப் பிடிக்க மாடிப்படி ஏறிவருகிறான்.

ஏறுவது நடிகன். சத்தம் மட்டும் இவனுடையது. படப்பிடிப்பில் பதிவாகும் காலடிச் சத்தம் எதற்கும் உதவாது. ஒலிக்கூடத்தில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இவன் நடந்து பதிவு செய்வான். அதனால் இவனுக்குப் பெயரே 'காலடி'.

"அன்னிக்கு வந்தவன் மூஞ்சியப் பாக்கலப்பா. லைட்ட அணைச்சுட்டாங்க" என்றாள் அம்மாள். "கோர்ட்ல போலீஸ்காரங்க, யாருமே எங்க வீட்டுக்கு வரலன்னு சாதிச்சாங்க. என் காதுக்குத் தெரியாதா?"

முன்வரிசையிலிருந்து இயக்குநர் திரும்பினார்.

"கேட்டியாடா காலடி? அம்மாவே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. அவார்டு வாங்கப் புதுச் சட்டை தைச்சுக்கோ!"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அப்ப நீ சின்னக் குழந்தையா இருந்திருப்ப" என்றாள் அம்மாள், இன்னும் கண்ணைத் திறக்காமலே. "யாரப் பாத்துப்பா இப்படி நடந்த?"



"சும்மா... நானாத்தாம்மா நடந்தேன்."

பொய்யில்லை. போலீஸ் நடை வேண்டும் என்றதும் கால்கள் தாமாகவே அப்படி நடந்தன. இரண்டு அடி, ஓர் இழுப்பு. எங்கிருந்து வந்தது என்று அன்று அவன் யோசிக்கவேயில்லை.

இன்னொரு கையால் செல்போனை எடுத்தான். 'வராதீங்க' என்று அடித்து அனுப்பினான்.

பார்த்ததற்கான அடையாளம் விழவில்லை.

திரையில் தலைவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் இசைகூட வேண்டாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அரங்கம் முழுக்க நிசப்தம். ஏசி வேலை செய்யாததால் கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்கள்.

வெளியே யாரோ படியேறி வந்தார்கள்.

இரண்டு அடி. ஓர் இழுப்பு.

இரண்டு அடி. ஓர் இழுப்பு.

காலடியின் கை தன்னையறியாமல் மடியில் எதையோ தேடியது. சின்ன வயதில், டியூட்டி முடிந்து வீட்டுப் படியேறும் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டதுமே பாடப் புத்தகத்தை இழுத்து மடியில் விரித்துக்கொள்வான்.

'அப்பா, நான் வேலை பார்த்த படம், அவசியம் வாங்க' என்று காலையில் அழைத்ததும் அவன்தான்.

மணிக்கட்டில் பிடி இறுகியது.

அம்மாள் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தாள். திரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.