பல்லக்கில் போன கனம்

"உங்க தம்பிக்குச் சவப்பெட்டி சொல்லியாச்சா, இல்ல நாங்கதான் பார்த்துக்கணுமா, தாயி?" என்று சந்தை நடுவே ஒபிரி கிழவர் அப்ரகோமாவிடம் கேட்டார். அந்த நேரத்தில் தம்பி அரண்மனைக் கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

தம்பி அமோவாகோதான் அந்த ஊரின் தலைவர். அக்கா என்பதால் ராஜமாதா பட்டம் அப்ரகோமாவுக்கு. முன்பெல்லாம் தம்பி பல்லக்கில் ஏறினால் மூங்கில் முனகும். இப்படியே போனால் நெஞ்சு நின்றுவிடும் என்று குமாசி நகரத்து டாக்டர் பயமுறுத்தியதும் கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபு உருண்டை சிறுத்தது, பனம்பழக் குழம்பு நின்றது, உடம்பு பாதியானது.

டாக்டர் கைகுலுக்கினார். இறக்கியது பெரிதில்லை, இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிது, அதனால் தினமும் நடக்க வேண்டும் என்றார்.

நடப்பதுதான் முடியவில்லை. தலைவர் வாசலைத் தாண்டினால் குடைக்காரன் ஓடிவருவான், பின்னால் மேளம் வரும், வீட்டுக்கு வீடு நிறுத்தி கள்ளு கொடுப்பார்கள். ஒருநாள் காலைநடைக்குப் போனவரைத் தெருமுனையிலிருந்து தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். சரி, அறைக்குள்ளேயே நடக்கலாம் என்று பார்த்தால், வலி தாங்காமல் துடிக்கிறார் என்று வெளியே கிழவிகள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். இறங்கின எடை மெல்ல எட்டிப்பார்க்க ஆரம்பித்தது.

தலைவர் வெறுங்காலோடு மண்ணை மிதிக்கக்கூடாது, சபையில் வாய்திறந்து பேசக்கூடாது என்றெல்லாம் விதி உண்டு. மெலியக்கூடாது என்று விதி கிடையாது. ஆனாலும் மெலிந்தவர் சாகப்போகிறவர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

தலைவர் ஆசனம் அடுத்து ஒபிரியின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கிழங்குத் திருவிழாவன்று பல்லக்கில் கருவாடு உட்கார்ந்து வந்தால் பெரியவர்கள் கூடி ஆசனத்தை விட்டு இறங்கச் சொல்வோம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்ரகோமாவுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசியில் அவள் மணல்பைகள் தைத்தாள். உடுப்புக்குள் வயிற்றிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ளச் சொன்னாள். முகம் சுளிப்பார் என்று நினைத்தாள். தம்பியோ உடனே தலையாட்டிவிட்டார்.

"பையை வெச்சுட்டுப் போக்கா. கனத்துக்கு நான் பொறுப்பு."

திருவிழாவன்று கதவைச் சாத்திக்கொண்டு அவரே உடுத்திக்கொண்டார். பல்லக்கு வெளியே வந்தபோது அப்ரகோமாவுக்குப் போன உயிர் திரும்பியது. பட்டு மடிப்புகளுக்குள் பழைய மலை உட்கார்ந்திருந்தது. நெற்றியில் தொங்கிய பொன் தகடுகளும் குடை நிழலும் முகத்தைப் பாதி மறைத்தன. முகத்தை யார் பார்த்தார்கள்? ஊரே வயிற்றைத்தான் பார்த்தது.

மேளம் ஏறியதும் தலைவர் உட்கார்ந்தபடியே ஆட ஆரம்பித்தார். தம்பி இவ்வளவு நன்றாக ஆடி அவள் பார்த்ததே இல்லை. மணலா இப்படிக் குலுங்குகிறது என்று தன் தையலை அவளே மெச்சிக்கொண்டாள்.

பல்லக்குத் தூக்கிகள் பாடுதான் திண்டாட்டம். முன்வரிசையில் ஒருவனுக்குக் காய்ச்சலாம். அவனுக்குப் பதிலாகச் சமையல்காரன் பாது ஒரு புது ஆளை அனுப்பியிருந்தான். தலைத்துண்டைப் புருவம்வரை இறக்கிக் கட்டியிருந்த அந்த ஆள், மற்றவர்களெல்லாம் வெறுங்காலோடு நடக்க, செருப்போடு தூக்கினான்.

"மாமியார் வீட்டு விருந்துக்கா வந்திருக்க? செருப்பைக் கழட்டுடா," என்றார் தூக்கிகளின் தலைவர். அவன் காதில் வாங்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. பின்னால் நடந்துவந்த அப்ரகோமாவுக்கு அவன் முதுகில் வியர்வை வழிவது மட்டும் தெரிந்தது. ஆள் திடமானவன், சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சந்தை முனையில் ஒபிரி கிழவர் பல்லக்கை மறித்தார். தலைவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குனிந்து, கனம் எப்படி என்று தூக்கிகளிடமே கேட்டார்.

"இதுக்கு முன்னால போன வருஷம் தூக்கினதெல்லாம் கொக்கு," என்றார் தூக்கிகளின் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "இந்த வருஷம் நீர்யானை. நீங்க வேணா ஒரு கை கொடுத்துப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. கிழவர் வேறு வழியில்லாமல், தலைவர் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு ஒதுங்கினார். அன்றைக்குப் பல்லக்கு போகாத சந்து இல்லை.

பொழுது சாய உள்முற்றத்தில் பல்லக்கை இறக்கினார்கள். தூக்கிகள் கள்ளுப்பானையைத் தேடி ஓடினார்கள். புது ஆள் மட்டும் மூங்கில் பக்கத்தில் நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மணல் சூட்டில் தம்பி வெந்திருப்பாரே என்று அப்ரகோமா பதறிப்போய் பட்டுக்குள் கையை விட்டாள். கிடைத்த பையைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள்.

"இழுக்காதீங்க தாயி, அது என் வயிறு."

பொன் தகடுகளை விலக்கிக்கொண்டு சமையல்காரன் பாது அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என் தம்பி எங்கடா?"

"நடக்க இடமே இல்லன்னு புலம்பினாரே தாயி. ஊர் பூரா என்னைத் தூக்கிட்டு நடந்தாரு."

தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே செருப்போடு உள்ளே போனார்.