பின்னால் ஒரு காலடிச் சத்தம்

மூன்றாவது நாளும் அந்த ஆள் பின்னாலேயே வந்தான்.

அவள் நின்றாள். அவனும் நின்றான். நடந்தாள். அவனும் நடந்தான்.

அவள் படிப்புக்காக இந்த நாட்டில் வந்து இறங்கி நாலே நாள். விடுதியிலிருந்து பல்கலைக்கழகம் அரை மணி நேர நடை. சிம் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. விடுதி வைஃபையைத் தாண்டிவிட்டால் போன் வெறும் கடிகாரம். கத்திக் கூப்பிட்டால் ஓடிவர, இந்த வழியில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

முதல் நாளே கவனித்தாள். கறுப்புக் கோட்டு, காதை மூடிய குல்லா, மூக்குவரை மஃப்ளர். குளிருக்கு அவளும் அப்படித்தான் சுற்றியிருந்தாள். ஆனாலும் அந்தக் கண்கள் அவளை விட்டு இப்படி அப்படி நகரவில்லை.

'அவன் வழியில அவன் போறான்' என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நேற்று அந்தத் தைரியமும் போயிற்று. எந்தத் தெருவில் திரும்புவது என்று குழம்பி, ஒரே பூங்காவை இரண்டு தடவை சுற்றினாள். அவனும் இரண்டு தடவை சுற்றினான்!

சாயந்திரம் அறையில் உடன் இருக்கும் சீனியர் அக்காவிடம் சொல்லி அழுதாள்.

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா அப்பா அடுத்த பிளைட்டுல வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவார்க்கா. பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்பாதேன்னு சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே பாட்டு. அம்மாதான் ஒத்தைக் கால்ல நின்னு அனுப்பி வச்சாங்க."

"அப்ப நீயே பாத்துக்க. நாளைக்கும் வந்தான்னா நேரா யூனிவர்சிட்டி கேட்ல செக்யூரிட்டிகிட்ட போ. இவனுங்களையெல்லாம் சும்மா விடக்கூடாது."

அந்த நாளைதான் இன்று.

எட்டி நடை போட்டாள். பின்னால் காலடிச் சத்தமும் வேகமாயிற்று. ஓடினாள். அவனும் ஓடினான். தெருவில் வேறு ஆள் இல்லை.

பல்கலைக்கழகக் கேட்டுக்குள் பாய்ந்து, காவல் அறைக் கதவைத் தள்ளினாள்.

"கறுப்புக் கோட்டு... மூணு நாளா..." அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

ஆறடி உயரக் காவல்காரப் பெண்மணிக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டே எட்டில் வெளியே போய், அவன் தோளைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, இங்கிலீஷில் சொன்னார்:

"கையெழுத்துப் போடும்மா. போலீசுக்குப் போயிடும். வெளிநாட்டுக்காரன்னா விசா ரத்தாகும், ஊருக்கு அனுப்பிடுவாங்க."

அவள் பேனாவை எடுத்தாள்.

"குல்லாவைக் கழற்று!" என்று அவனை அதட்டினார் காவல்காரப் பெண்மணி.

கழற்றினான். பாதி நரைத்த தலை. ஐம்பதை நெருங்குகிற முகம். இங்கிலீஷில் பதில் சொல்ல வார்த்தை தேடி, கிடைக்காமல், தனக்குள் முனகினான்:

"ஐயோ, இந்தப் பேர் வாங்கவா இத்தனை தூரம் வந்தேன்?"

பேனா நின்றது.

"நீங்க... தமிழா?"

அந்த மனிதர் அவளைவிட அதிகமாகத் திடுக்கிட்டார். "நீங்களுமாம்மா?"

"யார் நீங்க? எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"பள்ளிக்கூட வாத்தியாரும்மா. லீவு போட்டுட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருக்கேன். இன்னையோட அஞ்சு நாள்." மாணவர் அட்டையை எடுத்து நீட்டினார். புத்தம் புதுசு. "உங்க விடுதிக்கு அடுத்த கட்டடத்துலதான் இருக்கேன். எனக்கு வழி தெரியல, இவங்க பாஷை புரியல, போன் வேலை செய்யல. உங்க பையில பல்கலைக்கழகத்துப் பேர் இருந்துச்சு. விறுவிறுன்னு வேற நடந்தீங்க. வழி தெரிஞ்ச பொண்ணு, பின்னாடியே போனா போய்ச் சேர்ந்துடலாம்னு..."

விறுவிறுவென்று! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த நடை அது.

"நேத்து பூங்காவை ரெண்டு தடவை சுத்தினீங்களே?"

"நீங்க சுத்தினீங்க, நானும் சுத்தினேன். ஏதோ உடற்பயிற்சின்னு நினைச்சேன். அதுவும் தினம் ஒரு தெரு வழியா போறீங்களா, எனக்கு வழியே மனசுல நிக்கல."

"இப்ப ஓடி வந்தீங்க?"

"நீங்க ஓடினீங்களேம்மா! கிளாஸ் ஆரம்பிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்."

காவல்காரப் பெண்மணி பொறுமை இழந்தார். "என்ன சொல்றார்? கையெழுத்துப் போடறியா, இல்லையா?"

"வேண்டாம் மேடம்." படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். "புகார் எதுவும் இல்லை."

வெளியே வந்ததும் அவளுடைய பயம் கோபமாக மாறியது.

"ரெண்டு ராத்திரியா பொட்டுத் தூக்கம் இல்ல சார் எனக்கு. கையெழுத்துப் போட்டிருந்தா உங்க கதி என்ன? பக்கத்துல வந்து வழி கேக்குறதுக்கு என்ன?"

அவர் குல்லாவைக் கையில் வைத்துப் பிசைந்தபடி சொன்னார்:

"முகத்தை மூடின ஆம்பளை ஒருத்தன் பக்கத்துல வந்து பேசினா, தனியா போற பொண்ணு பயந்துடுமேன்னுதாம்மா தள்ளியே வந்தேன்."