வந்துக்கிட்டே இருக்கேன்

பாளையங்கோட்டை தவசிக்கனி அண்ணாச்சி கடையின் ஐஸ்கிரீம் பெட்டி, தனக்கு நோவு வந்தால் தானே மெக்கானிக்குக்குப் போன் போடும். மனிதர் சொல்லை அப்படியே நம்பும் உத்தமப் பெட்டி என்று அண்ணாச்சி ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார்.

அன்று காலை அது அழைத்தபோது மெக்கானிக் ஞானதுரை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தொழில் வழக்கப்படி, "வந்துக்கிட்டே இருக்கேன், பாலத்துக்கிட்ட நிக்கேன்" என்றான். அதை நம்பிய பெட்டி, ரிப்பேருக்குத் தோதாகத் தன்னை உடனே அணைத்துக்கொண்டது. அவன் குளித்து, இட்லி தின்று, போய்ச் சேர்வதற்குள் ஐஸ்கிரீம் எல்லாம் பாயசமாகிவிட்டது.

"எந்தப் பாலம்வே? இனிமேதான் கட்டப் போறாங்களா?" அண்ணாச்சி குதித்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்!"

பிழைப்பு போய்விடக் கூடாதே என்று ஞானதுரை கோளாறைச் சரிசெய்த கையோடு பெட்டிக்கும் பக்குவமாகப் புத்தி சொன்னான்.

"இந்தா பாரு, வந்துக்கிட்டே இருக்கேன்னு ஒருத்தன் சொன்னா, இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம். மனுசங்க அப்படித்தான் பேசுவோம். புரியுதா?"

"நல்லாப் புரியுதுண்ணே."

பெட்டியை முடுக்கிவிட்டான். அண்ணாச்சி புதுச் சரக்கை அடுக்கிவிட்டு, "கூலிங் ஆகுதா?" என்று அதனிடமே கேட்டார்.

"ஆகிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றது பெட்டி.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஞானதுரை அவர் பார்க்காத நேரமாகப் பெட்டியின் கண்ணாடியைத் தொட்டான். வெதுவெதுவென்று இருந்தது.