ஏழாவது வாசல்

"இதோட ஆறு, ஜட்ஜ் சார். ஆறு வீடு. ஆறும் போச்சு" என்றாள் வெர்லீன், காரைக் கிளப்பியபடி.

ஜட்ஜ் டெல்பர்ட் கோக்லி முழங்காலைத் தடவிக்கொண்டார். "அஞ்சுதான் போச்சு. ஒரு வீட்ல நாய் மட்டும்தானே இருந்தது?"

"அதுவும் உங்களைப் பார்த்துக் குரைச்சுது. 'வேண்டாம்' கணக்குல சேர்த்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை தேர்தல். இல்லினாய் மாநிலத்தில் ஜட்ஜ் பதவியில் நீடிக்கவும் மக்கள் ஓட்டு வேண்டும். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆனாலும் ஓட்டுச்சீட்டில் ஒரு கேள்வி இருக்கும்: மேல்முறையீட்டுக் கோர்ட்டில் இவர் இன்னும் பத்து வருஷம் இருக்கலாமா, வேண்டாமா? நூற்றுக்கு அறுபது பேர் 'இருக்கலாம்' என்று போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெர்லீன் விசாரித்த கணக்கில் ஐம்பத்தெட்டுதான் தேறியது.

அந்த இரண்டைப் பிடிக்க இந்தக் கடைசிச் சனிக்கிழமைதான் பாக்கி. இன்றைக்கு சர்ச் மைதானத்தில் மீன் வறுவல் விருந்து. எண்ணூறு பேர் வருவார்கள். இந்த மனுஷரோ ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அறுத்துப் போட்ட மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே, பத்து மைலுக்கு ஒரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒன்பது வருஷம் அவர் ஆபீஸில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவள் வெர்லீன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று அவரைவிட அவளுக்குத்தான் ஆசை.

"எண்ணூறு பேரை விட்டுட்டு இப்படி ஊர் சுத்தற ஆளை இல்லினாய்ல வேற எங்கயும் பார்க்க முடியாது, சார்."

"இன்னும் ஒரே ஒரு வீடு, வெர்லீன்."

ஏழாவது கதவைத் திறந்த பெண்ணின் கையில் மாவு ஒட்டியிருந்தது. அவரை உற்றுப் பார்த்தாள்.

"என் புருஷன் கை மெஷின்ல போன கேஸ்ல, கம்பெனி மேல தப்பில்லைன்னு எழுதின ஜட்ஜ்தானே நீங்க?"

"ஆமாம்மா."

"உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன்."

"பரவாயில்ல. நிக்கறேன்."

பத்தொன்பது நிமிஷம். வெர்லீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். ஜட்ஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இடது கையால சட்டைப் பொத்தான் போடக் கத்துக்க அவருக்கு எட்டு மாசம் ஆச்சு. அது உங்க காகிதத்துல எந்தப் பக்கத்துல இருந்தது?"

"எந்தப் பக்கத்துலயும் இல்லம்மா."

"ஓட்டுக் கேட்டு வந்திருந்தா சொல்லிடறேன். 'வேண்டாம்'தான் போடுவேன்."

"சரிம்மா" என்று திரும்பி வந்து காரில் உட்கார்ந்தார்.

வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. "ஏழு! நம்மளைப் பிடிக்காத வீடாப் பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கே! யார் சார் கொடுத்தது இந்தப் பட்டியலை?"

"எழுதினது நான்தான். ஆனா ஏழு பேரும் நீ டைப் அடிச்ச பேருங்க. என் தீர்ப்புல தோத்தவங்க."

வெர்லீன் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

"தோத்தவங்ககிட்டப் போய் யாராவது ஓட்டுக் கேப்பாங்களா, சார்?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் எங்க கேட்டேன்? கீழ்க்கோர்ட்லயாவது கூண்டுல ஏறி நாலு வார்த்தை பேசறாங்க. நம்ம கோர்ட்ல வக்கீலுக்கு இருபது நிமிஷம், மத்ததெல்லாம் காகிதம். அவங்க வாயைத் திறக்க நாம இடமே வைக்கலையே."

"அதுக்கு இன்னைக்குத்தானா நாள் கிடைச்சுது? செவ்வாய்க்கிழமை முடிஞ்சதும் நிதானமா வந்து கேட்டிருக்கலாமே!"

ஜட்ஜ் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"உன் கணக்குப்படி நான் தோத்துட்டா? அப்புறம் அவங்க திட்டறது ஒரு ஜட்ஜை இல்லையே, வெர்லீன். வெறும் கிழவனைத்தானே?"